பழைய போர்க்கப்பலில் ஆஸ்பெஸ்டாஸ்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

நீராவி டர்பைனில் ஓடிய பழைய போர்க்கப்பலில் ரிப்பேர், உடைப்பு, அருங்காட்சியகமாக்குதல் என எந்த வேலைக்குப் போனாலும் முதல் நாளே கையில் ஸ்பேனரோ ஸ்கிரேப்பரோ வந்துவிடும். மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழைக் கனிமமான ஆஸ்பெஸ்டாஸைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு." அந்தப் பதிலைச் சரிபார்க்காமல் எந்த போல்ட்டையும் கழற்றக் கூடாது. எப்படிச் சரிபார்ப்பது, இருந்தால் எப்படி வேலை செய்வது, தவறினால் என்ன செய்வது என்பதை ஃபிட்டர், வெல்டர், கேஸ் கட்டர், ஹெல்ப்பர், புதிய சூப்பர்வைசர் ஆகியோருக்காக இங்கே எழுதியிருக்கிறோம்.

போர்க்கப்பலில் ஏன் இவ்வளவு

1930களிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்க, பிரிட்டிஷ் கடற்படைகளுக்காகக் கட்டிய கப்பல்களில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பகுதி அரிது. பிரிட்டனின் லியாண்டர் வகை ஃபிரிகேட்டில் நீராவி 550 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்ட்) அழுத்தத்தில், ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் ஓடியது. போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கப்பல்கள் பலவற்றில் அது 1200 பிஎஸ்ஐ, 510 டிகிரி. இப்படிச் சுடும் குழாய்களை ஆள் திரும்பவே இடமில்லாத அறைகளுக்குள் வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். தீப்பிடிக்காத, எடை குறைந்த, பீரங்கி அதிர்வைத் தாங்குகிற, கடல்நீர் பட்டாலும் கெடாத பொருள் தேவைப்பட்டது. அத்தனைக்கும் மலிவாகக் கிடைத்த ஒரே விடை ஆஸ்பெஸ்டாஸ்.

கப்பல் எந்தக் கொடியின் கீழ் ஓய்வு பெற்றது என்பதை விட, எந்த ஆண்டில் எங்கே கட்டப்பட்டது என்பதே உங்களுக்குத் தேவையான தகவல். 2017இல் ஓய்வு பெற்று 2020இல் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு உடைக்க வந்த ஐஎன்எஸ் விராட், 1944இல் இங்கிலாந்தின் பரோவில் கட்டத் தொடங்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல். 2014இல் மும்பையில் உடைக்கப்பட்ட பழைய விக்ராந்த்தும் 1943இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஹெர்குலிஸ்தான். கட்டிய ஆண்டு 1980க்கு முன் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே உள்ளே இறங்குங்கள். இல்லை என்பதை நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பல்ல.

முதலில் காகிதம், ஆனால் காகிதத்தோடு நிற்காதீர்கள்

வணிகக் கப்பலுக்கு அபாயப் பொருள் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். 2025 ஜூன் 26 முதல் அமலில் உள்ள, கப்பல் மறுசுழற்சிக்கான ஹாங்காங் உடன்படிக்கை அதைக் கட்டாயமாக்கியது. போர்க்கப்பலுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு கப்பல் மறுசுழற்சிச் சட்டமும் போர்க்கப்பல்களை விலக்கியே வைத்திருக்கிறது. புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்துவதை 2002இலிருந்து கட்டுப்படுத்தி 2011இல் முழுவதுமாக நிறுத்திய சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதிகளும் போர்க்கப்பலுக்கு இல்லை. ஆகவே கையில் தரப்படும் பட்டியல் யார் எடுத்தது, எந்த அறைகளுக்குள் போனார்கள், எந்த அறைகள் பூட்டியிருந்தன, எத்தனை மாதிரி ஆய்வகத்துக்குப் போயின என்று கேட்டே ஆக வேண்டும். "பார்வையிட்டதில் இல்லை" என்ற வரிக்கு மதிப்பில்லை.

பட்டியலை நம்பியதால் வந்த வினையை உலகமே பார்த்திருக்கிறது. பிரான்ஸின் விமானந்தாங்கிக் கப்பல் கிளெமான்சோ 2005 டிசம்பரின் கடைசி நாளில் துலோனிலிருந்து அலாங்கை நோக்கிப் புறப்பட்டது. உள்ளே எவ்வளவு ஆஸ்பெஸ்டாஸ் மிச்சம் என்ற கணக்கே ஒத்துப்போகாமல், இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2006 பிப்ரவரியில் பிரான்ஸ் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டது. கடைசியில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் உடைத்தார்கள். அதன் சகோதரக் கப்பலான ஃபோஷ், பிரேசிலுக்குப் போய் சாவ் பாவ்லோ ஆனது. உடைப்பதற்காகத் துருக்கிக்கு இழுத்துக்கொண்டு போகையில் 2022 ஆகஸ்டில் துருக்கி அனுமதியை விலக்கிக்கொண்டது. 2023 பிப்ரவரியில் பிரேசில் கடற்படையே அதை அட்லாண்டிக்கில் மூழ்கடித்துவிட்டது. ஒரே கட்டமைப்பில் பிறந்த இரண்டு கப்பல்களிலும் சிக்கல் ஒன்றே: உள்ளே எவ்வளவு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வரைபடங்களும் முழு உண்மையைச் சொல்லாது. முப்பது ஆண்டுகள் ஓடிய கப்பலில் ஒவ்வொரு ரீஃபிட்டிலும் (பெரிய பழுதுபார்ப்பிலும்) குழாயைச் சுற்றிய வெப்பத்தடுப்பு உறையான லேகிங்கைக் கொஞ்சம் எடுத்து கண்ணாடி இழை போட்டிருப்பார்கள். நேரான குழாயில் மாற்றியிருப்பார்கள். கை எட்டாத வளைவில் பழையதையே விட்டு மேலே துணி சுற்றிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைக் குழாய்.

எங்கெங்கே தேட வேண்டும்

பாய்லர் ரூமிலும் என்ஜின் ரூமிலும் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரதான நீராவிக் குழாய், டர்பைன் உறை, ஃபீட் பம்ப், கன்டென்சருக்குப் போகும் வழிகள், கடல்நீரைக் குடிநீராக்கும் எவாப்பரேட்டர், புகைபோக்கிக்குப் போகும் அப்டேக் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கவனிக்க வேண்டியவை வளைவுகள், டீ இணைப்புகள், வால்வு உடல்கள். நேரான பகுதிக்கு முன்பே வார்த்த உறையைப் பொருத்துவார்கள். வளைவுக்கும் வால்வுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கையால் பூசுவார்கள். காய்ந்து வெடித்த அந்தப் பூச்சுதான் முதலில் உதிர்வது. குழாய்களை போல்ட்டால் இணைக்கும் விளிம்புகளான ஃபிளேஞ்ச்களின் மேல் கழற்றி மாட்டும் தலையணை போன்ற பேட்கள் இருந்தால், அவற்றின் வெளித்துணி, உள்நிரப்பு, தைத்த நூல் மூன்றையும் சந்தேகியுங்கள்.

இனி, புதியவர்கள் கோட்டைவிடும் இடங்கள்:

ஃபிளேஞ்ச்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகள் பெரும்பாலும் அழுத்திய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பளபளக்கும் உலோகச் சுருள் கேஸ்கெட்டைப் பார்த்து "இது ஸ்டீல்தானே" என்பார்கள். அந்தச் சுருள்களுக்கு நடுவே நிரப்பியிருப்பதும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். வால்வு தண்டைச் சுற்றிய கிளாண்ட் பேக்கிங் கயிறு, பாய்லர் கதவுகளின் கயிறு, கிராஃபைட் பூசிக் கறுத்திருப்பதால் யார் கண்ணிலும் படாது.

மின்பகுதி: ஸ்விட்ச்போர்டின் பின்பலகை, பிரேக்கருக்குள் தீப்பொறியை அணைக்கும் ஆர்க் ஷூட், வெப்பமான அறைகள் வழியாகப் போகும் பழைய கேபிள்களின் உள்ளுறை. எலக்ட்ரீஷியனிடம் மாஸ்க் கொடுக்காமல் அனுப்புவது வழக்கமாக நடக்கும் தவறு.

மாலுமிகள் தங்கும் பகுதி: தீத்தடுப்புப் பலகைகளால் ஆன அறைச் சுவர்கள், கூரையிலும் பல்க்ஹெட் எனும் தடுப்புச் சுவரிலும் தெளித்த பூச்சு, 9 அங்குல வினைல் தரைஓடுகள், அவற்றை ஒட்டிய கறுப்புப் பசை. பிரிட்டிஷ் கப்பல்களில் தெளித்த பூச்சில் நீல வகை இருக்க வாய்ப்பு அதிகம். விரல் பட்டாலே உதிரும் பொருள் இது. லேகிங் சுற்றிய குழாய்கள் படுக்கைகளுக்கு மேலேயே ஓடின. பீரங்கி சுட்ட அதிர்வில் கொட்டிய தூள் படுக்கை விரிப்பில் கிடந்தது. என்ஜின் ரூமுக்குள் காலே வைக்காத சமையல்காரர்களும் எழுத்தர்களும் நோய்ப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை தவிர வின்ச், நங்கூர விண்ட்லாஸ் ஆகியவற்றின் பிரேக் லைனிங், சமையலறை அடுப்பின் உள்உறை, வெல்டிங் போர்வை, தீயணைப்புக் கையுறை. கடைசியாக ஸ்டோர் ரூம். பழைய கேஸ்கெட் ஷீட்டும் பேக்கிங் சுருளும் அலமாரியில் அப்படியே இருக்கும். புதிய வால்வுக்கு அதையே வெட்டிப் போட்டு, எடுத்த இடத்தில் மறுபடி ஆஸ்பெஸ்டாஸை வைத்துவிடுவார்கள். வேலை தொடங்குமுன் ஸ்டோரைப் பூட்டச் சொல்லுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

வெள்ளை கிரைசோடைல், பழுப்பு அமோசைட், நீலம் குரோசிடோலைட் என்று படித்திருப்பீர்கள். அறுபது ஆண்டு வெப்பமும் எண்ணெயும் பெயின்ட்டும் பட்ட பிறகு மூன்றுமே சாம்பல் நிறம்தான். கையில் பிட்டுப் பார்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் சோதனை அல்ல. ஆய்வகத்தில் துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வகையும் அளவும் தெரியும். அமெரிக்க விதியில் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அது ஆஸ்பெஸ்டாஸ் பொருள். பிரிட்டனில் அப்படி ஒரு விலக்கு வரம்பு இல்லை. ஆய்வக அறிக்கையில் "1 சதவீதத்துக்குக் கீழ்" என்று வந்தால், தூசி கிளம்பாது என்று அர்த்தமாகாது.

மாதிரி எடுப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் சரியாக எடுக்கிறாரா என்று பார்க்க உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே மாதிரித் தோன்றும் லேகிங் பகுதி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 3 மாதிரிகள். தெளித்த பூச்சு 1,000 சதுர அடியைத் தாண்டினால் 5, 5,000ஐத் தாண்டினால் 7. நேர்குழாய்க்கும் வளைவுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இடத்தை ஈரமாக்கி, வெளித்துணியிலிருந்து குழாய் உலோகம் வரை முழு ஆழத்துக்குக் குடைந்து எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டினால் கடைசி ரீஃபிட்டில் போட்ட கண்ணாடி இழை மட்டுமே வரும், அடியில் இருப்பது தெரியாது. எடுத்த துளையை உடனே டேப்பால் அடைத்து, எண் எழுத வேண்டும்.

இடத்தைக் குறிக்கக் கப்பலின் அறை எண்ணையே பயன்படுத்துங்கள். அமெரிக்க முறையில் 4-95-0-இ என்றால் நான்காவது டெக், 95ஆவது ஃபிரேம், நடுக்கோடு, இயந்திர அறை. மூன்றாவது எண் ஒற்றைப்படை என்றால் வலப்பக்கம், இரட்டைப்படை என்றால் இடப்பக்கம். "பம்ப் பக்கத்தில்" என்று எழுதிய குறிப்பு பம்பைத் தூக்கிய பிறகு யாருக்கும் பயன்படாது.

காற்றில் எவ்வளவு

அமெரிக்காவின் கப்பல்தள விதிப்படி 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.1 இழை, எந்த 30 நிமிடத்திலும் 1 இழையைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் 4 மணி நேரச் சராசரி 0.1. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி 2025 டிசம்பரிலிருந்து 0.01. பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததே, முந்தைய எண் பாதுகாப்பின் எல்லை அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 0.1 என்றால் ஒரு கன மீட்டரில் ஒரு லட்சம் இழை. உழைக்கும் ஆள் ஒரு ஷிஃப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். வரம்புக்குள் இருந்தும் பத்து லட்சம் இழை.

அளப்பதற்கு 25 மில்லிமீட்டர் ஃபில்டர் கொண்ட சிறு கேசட்டை உங்கள் சட்டைக் காலரில், மூக்குக்கு அருகே மாட்டி, இடுப்பில் பம்பைக் கட்டுவார்கள். அதை அறையின் மூலையில் தொங்கவிட்டால் கிடைப்பது மூலையின் அளவு, உங்கள் மூக்கின் அளவு அல்ல.

கேஸ்கெட்டும் பேக்கிங்கும்

நாள்தோறும் செய்வது இதுதான், அலட்சியமும் இதில்தான். ஃபிளேஞ்சைத் திறந்ததும் பழைய கேஸ்கெட் முகத்தில் ஒட்டியிருக்கும். பவர் வயர் பிரஷ்ஷோ கிரைண்டரோ வைத்தால் ஒரு நிமிடத்தில் முகம் பளிச்சென்று ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் பிரஷ் சுழலும் வேகம் இழைகளைப் பிரித்து முகத்துக்கு நேரே வீசும். அந்த இரண்டு கருவிகளையும் வேலையிடத்துக்கே கொண்டுவராதீர்கள்.

செய்ய வேண்டியது: லைனில் அழுத்தமில்லை, வெப்பமில்லை என்று உறுதி செய்து பூட்டுங்கள். அடியில் பாலிதீன் விரியுங்கள். போல்ட்டைத் தளர்த்தியதும், ஃபிளேஞ்சை விலக்குவதற்கு முன்பே, இடைவெளியில் ஈரமாக்கும் கரைசலைத் தெளியுங்கள். வெறும் தண்ணீர் போதாது. அமோசைட் தண்ணீரை எளிதில் ஏற்காது, துளிகள் உருண்டு ஓடிவிடும். சுமார் 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லிலிட்டர் ஈரமூட்டி சேர்ப்பது வழக்கமான அளவு. ஊற நேரம் கொடுத்து, தட்டையான கை ஸ்கிரேப்பரால் முழுத் துண்டாகப் பெயர்த்து நேரே பைக்குள் விடுங்கள். வராத துண்டை மறுபடி நனையுங்கள், மறுபடி காத்திருங்கள். ஃபிளேஞ்ச் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதே பைக்குள் போடுங்கள்.

கிளாண்ட் பேக்கிங்கும் இதே கதைதான்: நனைத்து, கொக்கியால் ஒவ்வொரு வளையமாக இழுங்கள். அழுத்தக் காற்றால் ஊதி வெளியேற்றுவது பல ஒர்க்ஷாப்களில் பழக்கம். அதை உடனே நிறுத்தச் சொல்லும் உரிமை ஹெல்ப்பருக்கும் உண்டு.

கிளவ் பேக்: ஒரு துண்டுக் குழாய் லேகிங்கை எடுப்பது

கைகள் நுழையும் கையுறை பதித்த, 0.15 மில்லிமீட்டர் தடிமனான பாலிதீன் பை இது. குழாயைச் சுற்றி ஒட்டி, தூசியை அதற்குள்ளேயே அடைத்து வேலை செய்யலாம். இரண்டு பேர் கட்டாயம். குழாயின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டினால் பை இளகிவிடும், தாண்டக் கூடாது. ஒரே பையைக் குழாய் நெடுக நகர்த்தி நகர்த்திப் பயன்படுத்தக் கூடாது.

1. பை வரப்போகும் இடத்துக்கு இருபுறமும் உள்ள லேகிங்கைப் பாலிதீனால் சுற்றி டேப் போடுங்கள். பக்கத்துத் துண்டு தளர்ந்திருந்தால் நீங்கள் அறுக்கும் ஆட்டத்தில் பைக்கு வெளியே அது கொட்டும். கிளவ் பேக் வேலை கெடுவது பெரும்பாலும் பைக்குள் அல்ல, இங்கேதான்.
2. கத்தி, கம்பி ரம்பம், சிறு பிரஷ், ஸ்கிரேப்பர், துணி, கம்பி வெட்டும் கட்டர் எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிட்டுப் பையை மாட்டுங்கள். நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் பையைத் திறக்க வேண்டிவரும்.
3. ஸ்பிரே குழலையும் ஹெப்பா வாக்கும் குழாயையும் நுழைத்து, நுழைவிடங்களை டேப்பால் இறுக்குங்கள். சாதாரண வாக்கும் கிளீனர் இழையைப் பின்பக்கமாக ஊதிவிடும். ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும்.
4. புகைக் குழலைப் பைக்குள் விட்டு மெதுவாக அழுத்திப் பாருங்கள். புகை எங்கே கசிகிறதோ அங்கே மறுபடி டேப். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.
5. துணியைக் கீறி, உள்ளே கரைசலை நன்றாக ஊறவிடுங்கள். லேகிங்கின் மேல் தகரப்பட்டையும் உள்ளே கோழிவலைக் கம்பியும் இருக்கும். வெட்டிய கம்பி முனையை உடனே மடக்கிவிடுங்கள். பையைக் கிழிப்பது அதுதான்.
6. இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்து, துண்டைத் தாங்கிப் பிடித்துப் பையின் அடிக்கு இறக்குங்கள். விழவிடக் கூடாது.
7. குழாயைப் பிரஷ்ஷாலும் ஈரத்துணியாலும் சுத்தம் செய்து, இருபுறமும் வெட்டிய லேகிங் முனைகளுக்குச் சீலன்ட் பூசுங்கள். பையின் உட்சுவர்களைக் கழுவி இறக்குங்கள்.
8. கருவிகளைக் கையுறைக்குள் பிடித்துக்கொண்டு கையை வெளியே இழுத்தால் கையுறை உள்பக்கம் வெளியாகத் திரும்பிக் கருவிகளோடு ஒரு சிறு பையாகும். அதை முறுக்கி, இரண்டு இடத்தில் டேப் போட்டு நடுவில் வெட்டினால், கருவிகளைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துத் திறக்கலாம்.
9. வாக்குமால் காற்றை உறிஞ்சிப் பையைச் சுருக்கி, கழிவுக்கு மேலே முறுக்கி டேப் போட்டு, அடியிலிருந்து கழிவுப் பையை ஏற்றி மூடிய பிறகே குழாயிலிருந்து அறுத்தெடுங்கள்.

பை பாதிக்கு மேல் நிறைந்தால் நிறுத்துங்கள். நனைந்த லேகிங் எதிர்பார்ப்பதை விடக் கனக்கும். எடை தாங்காமல் மேல் டேப் பிரியும்.

முழு அறையை அடைத்துச் செய்வது

டர்பைன் உறை, பாய்லர் முகப்பு, தெளித்த பூச்சு போன்றவற்றுக்குக் கிளவ் பேக் உதவாது. அறையைப் பாலிதீனால் அடைத்து, ஹெப்பா விசிறியால் காற்றை வெளியே இழுத்து உள்ளே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அமெரிக்க விதி 0.02 அங்குல நீர் அழுத்த வித்தியாசம், மணிக்கு குறைந்தது 4 முறை காற்று மாற்றம். பிரிட்டனில் 8 முறை கேட்பார்கள். போர்க்கப்பலில் இதைக் கெடுப்பவை பல்க்ஹெட்டைத் துளைத்துப் போகும் கேபிள் கொத்துகள், காற்றோட்டக் குழாய்கள், தரையடி வடிகால்கள். ஒவ்வொன்றாகத் தேடி அடையுங்கள். காற்றோட்ட அமைப்பை ஓடவிட்டபடி உறை போட்டால், தூசி நான்கு அறை தள்ளிப் போய் மெஸ்ஸில் இறங்கும்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட அவசரமானது. நீண்ட நாள் மூடிக் கிடந்த அறைகளில் துரு, ஆக்சிஜனைத் தின்றிருக்கும். ஃபில்டர் மாஸ்க் தூசியை நிறுத்தும், ஆக்சிஜனைத் தராது. மீட்டரில் 19.5 சதவீதத்துக்குக் கீழ் காட்டினால் உள்ளே போகாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கொல்ல முப்பது ஆண்டு எடுத்துக்கொள்ளும். இது சில நிமிடங்களில் முடித்துவிடும்.

கேஸ் கட்டிங்

டார்ச் வைத்தால் ஆஸ்பெஸ்டாஸ் எரிந்துவிடும் என்ற பேச்சு எல்லா உடைப்புத் தளங்களிலும் உண்டு. மிக அதிக வெப்பத்தில் கிரைசோடைலின் கட்டமைப்பு மாறும் என்பது உண்மைதான். ஆனால் சுடர் படும் விரலளவு இடத்தைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்து நொறுங்கி, டார்ச்சின் காற்றோட்டத்தில் பறக்கும். வெட்டுக்கோட்டின் இருபுறமும் லேகிங்கை முன்பே எடுத்திருக்க வேண்டும். பாலிதீனையும் கரைசலையும் அப்புறப்படுத்திய பிறகே சுடரை ஏற்ற வேண்டும். வெட்டிய பிளேட்டை உயரத்திலிருந்து விழவிடும் முறையில், பின்பக்கம் ஒட்டியிருக்கும் தெளித்த பூச்சு மொத்தமாகப் புகை போல எழும். தூக்கி இறக்குங்கள்.

மாஸ்க்

துணி மாஸ்க், அறுவைச் சிகிச்சை மாஸ்க், என்95 எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. குறைந்தபட்சம் ரப்பர் அரைமுக மாஸ்க்கும் பி100 ஃபில்டரும் (அமெரிக்க முறையில் கருஞ்சிவப்பு நிறம்). அமெரிக்கக் கணக்கில் அரைமுகத்தின் பாதுகாப்பு மடங்கு 10, முழுமுகம் 50, மோட்டார் வைத்த முழுமுகம் 1,000. காற்றில் 0.1 இழையின் பத்து மடங்கு இருந்தால் அரைமுகம் எல்லைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உலர்ந்த லேகிங்கை எடுக்கும்போது அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

எந்த மாஸ்க்கும் தாடியோடு வேலை செய்யாது. இரண்டு நாள் முள்தாடியே போதும் கசிவுக்கு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் முகத்தில் பொருத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும். ஒரே அளவு மாஸ்க்கை வாங்கி எல்லோருக்கும் கொடுப்பது பொருத்தமல்ல. கோடையில் என்ஜின் ரூமுக்குள் மூடிய உடையில் வியர்வை வழிந்து மாஸ்க் நழுவும், கை தானாக அதைத் தூக்கிவிடும். ஆகவே வேலை நேரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, வெளியே வந்து கழுவிய பிறகு தண்ணீர் குடிக்கும் இடைவேளை கொடுப்பது சூப்பர்வைசரின் கடமை. அதைக் கொடுக்காவிட்டால் உள்ளேயே மாஸ்க்கைக் கழற்றித்தான் குடிப்பார்கள்.

வெளியே வருவது

மூன்று அறை: அழுக்கு அறை, குளியல், சுத்த அறை. வேலையிடத்திலேயே உடையை ஹெப்பா வாக்குமால் உறிஞ்சுங்கள். அழுக்கு அறையில் உடையை உள்பக்கம் வெளியாகச் சுருட்டிக் கழற்றிக் கழிவுப் பைக்குள் போடுங்கள். மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும். அதோடு ஷவருக்குள் போய், தலையும் மாஸ்க்கும் நன்றாக நனைந்த பிறகே மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். முதலில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உடையை உதறுகிறவர், நாள் முழுவதும் தவிர்த்த தூசியை அந்த ஒரு நொடியில் இழுக்கிறார்.

வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கணவரின் சட்டையை உதறித் துவைத்ததைத் தவிர ஆஸ்பெஸ்டாஸோடு எந்தத் தொடர்பும் இல்லாத பெண்களுக்கு மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தது மருத்துவப் பதிவுகளில் உள்ள விஷயம்.

கழிவு ஈரமாக, இரண்டு பைகளுக்குள், பையின் கழுத்தை முறுக்கி மடித்து டேப் போட்டு, எச்சரிக்கை ஒட்டியோடு போக வேண்டும். பழைய லேகிங்கை வாங்கி விற்கும் ஆட்கள் தளத்தின் வாசலில் நின்றால், பைகளைப் பூட்டிய கன்டெய்னரில் வையுங்கள்.

தவறுதலாகக் கொட்டிவிட்டால்

குழாயில் கால் பட்டு லேகிங் விழுந்தது, பை கிழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். துடைப்பத்தைத் தேடாதீர்கள். வேலையை நிறுத்துங்கள், அந்த அறையின் காற்றோட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், எல்லோரும் வெளியேறிக் கதவை மூடி அறிவிப்பு மாட்டுங்கள். உடையில் பட்டிருந்தால் உதறாமல் ஈரத்துணியால் துடைத்து அங்கேயே கழற்றிப் பையில் போட்டுக் குளியுங்கள். மாஸ்க் அணிந்த பயிற்சி பெற்றவர்கள் நனைத்து அள்ளி, ஹெப்பா வாக்கும் போட்டு, காற்றுச் சோதனையில் 0.01 இழைக்குக் கீழ் வந்த பிறகே அறை திறக்கப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூசி அடங்கியது கணக்கில்லை. மெல்லிய இழைகள் பல மணி நேரம் மிதக்கும்.

உடலும் பதிவேடும்

நுரையீரல் தடித்துச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ் பொதுவாகப் பல ஆண்டு தொடர் தூசிக்குப் பிறகு வரும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய் 20 முதல் 50 ஆண்டு கழித்து வரலாம். குறுகிய காலம் வேலை செய்தவருக்கும் வந்திருக்கிறது. புகைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அமெரிக்க, கனடிய இன்சுலேஷன் தொழிலாளர்களிடம் நடந்து 1979இல் வெளியான ஆய்வில், இரண்டுமே இல்லாதவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் மரணம் ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் பட்டவரிடம் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவரிடம் 11 மடங்கு, இரண்டும் உள்ளவரிடம் 53 மடங்கு.

வேலையில் சேரும்போதே மார்பு எக்ஸ்ரேயும், மூச்சின் அளவைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்து, பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட முதல் படம் வேண்டும். மூச்சிரைப்பும் வறட்டு இருமலும் காசநோய் என்று எழுதப்படுவது நம் ஊரில் சாதாரணம். மருத்துவரிடம் "கப்பலில் ஆஸ்பெஸ்டாஸ் வேலை" என்று நீங்களே சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் பார்ப்பார்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் ஒரு கட்டளை இட்டது: ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்விலிருந்து 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும். சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் (2025 நவம்பரில் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது) மூன்றாவது அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸும், ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் தொழில்நோய்களாகவே இருக்கின்றன. ஆனால் ஒப்பந்ததாரர் 40 ஆண்டு இருப்பாரா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் மீசோதீலியோமா வந்த முன்னாள் படைவீரர்களுக்கு 1,40,000 பவுண்ட் மொத்தத் தொகை என்ற தேர்வு 2016இல்தான் வந்தது. அமெரிக்காவில் மாலுமிகளின் குடும்பங்கள் கடற்படையை விட்டுவிட்டு, பம்பும் டர்பைனும் செய்த நிறுவனங்கள் மீது நடத்திய வழக்கில் 2019இல்தான் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தகைய வழக்குகளில் கேட்கப்படுவது ஒன்றே: எந்தக் கப்பல், எந்த அறை, என்ன வேலை, எப்போது.

ஆகவே ஒரு நோட்டை வாங்கி உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள்: தேதி, கப்பலின் பெயரும் பழைய பெயரும், அறை எண், செய்த வேலை, எடுத்த பொருள், உடன் வேலை செய்தவர், போட்ட மாஸ்க், காற்றளவு அறிக்கை இருந்தால் அதன் எண், ஒப்பந்ததாரர், சம்பளச் சீட்டு ஒட்டிய பக்கம். அதைத் தளத்தின் லாக்கரில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.